கண்டதற்கும் கொன்றதற்கும் இடையில்

“கில் பண்ணது நீங்கதானே?” என்று அந்தப் பெண் கேட்கிறாள், என் மகள் “ஆமாங்க” என்கிறாள், கேள்வி முடிவதற்குள்ளேயே சொல்லிவிடுகிறாள், நான் கால் கட்டைவிரலைச் செருப்புக்குள் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், வாயைத் திறக்கமாட்டேன் என்று சொன்ன பிறகுதான் என்னை இந்த அறைக்குள் விட்டார்கள். ஆமாங்க என்று சொல்லக் கூடாது எழில். ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்வி இருந்தால் பதில் சொல்லாதே, பிரித்துக் கேட்கச் சொல் என்று நேற்று முழுக்கப் படித்துப் படித்துச் சொன்னேன். கட்டளை யார் பெயரில் போனது என்பது ஒரு கேள்வி. செத்தது எது, அது ஏன் செத்தது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பவன் பதிலுக்காகக் கேட்பதில்லை. நான் வேலை பார்த்த ஆலையில் எத்தனை உள்விசாரணையில் சங்கத்தின் சார்பாகத் தொழிலாளி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அங்கே மர பெஞ்சு, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், விசாரணை அதிகாரி வெற்றிலை எச்சிலை ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு வந்து கேள்வி கேட்பான், அவன் எதிரி என்பது அவன் முகத்திலேயே இருக்கும். இங்கே நாற்காலி என்னைச் சுழற்றிச் சுழற்றி விடுகிறது, ஏசி காதுக்குள் ஊதுகிறது, எதிரே இருக்கும் மனிதவளத்துறைப் பெண் ரம்யப்ரியா என்னை அங்கிள் என்று கூப்பிட்டுக் காபி வேண்டுமா என்று கேட்டாள். மனிதனை வளம் என்று எழுதுகிறவர்கள். நிலக்கரி வளம், மீன் வளம், மனித வளம். இதைத் தலைப்பாக வைத்து ஒரு துண்டறிக்கை எழுதலாம், யாருக்குக் கொடுப்பது. கீழே வாசலில் அட்டையைத் தேய்த்தால் கதவு திறக்கிறது, ஆளுக்கு ஆள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு போகிறார்கள், நீட்டினால் வாங்கிக்கொள்ள ஒரு கை வேண்டாமா. விசாரணைக்குக் கூட ஒருவரை அழைத்து வரலாமா என்று எழில் கேட்டபோது, “நம்ம கம்பெனி ஒரு ஃபேமிலி மாதிரி, தாராளமாக் கூட்டிட்டு வாங்க” என்று ரம்யப்ரியா சொன்னாளாம். குடும்பம். குடும்பத்தில் பெண்ணை வேலையை விட்டு எடுப்பார்களா.

எழிலின் முழுப்பெயர் முத்தெழில். இங்கே அட்டையில் எம். எழில் என்று போட்டிருக்கிறது. அவள் பார்க்கும் வேலையை நான் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள், நேற்று சமையலறையில் நின்று அவள் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னபோது அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. குளிர்கிடங்குகளின் கணினிகளை இங்கே கோயமுத்தூரில் உட்கார்ந்தபடி கவனித்துக்கொள்வது இந்தக் கம்பெனியின் தொழில். கிடங்குக் கணினிக்குள் ஓயாமல் வேலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண், வேலை முடிந்ததும் எண் சும்மா கிடக்கும், பிறகு புதிதாகத் தொடங்கும் வேறொரு வேலைக்குப் போகும். ஏதாவது ஒரு வேலை திக்கிப் போய் நின்றால் அதன் எண்ணைப் பார்த்து, அந்த எண்ணுக்குக் கில், அதாவது கொல், என்று கட்டளை அனுப்ப வேண்டும். கணினியின் கருப்புத் திரையில் எழுதுகிற கட்டளை, பொத்தான் கிடையாது, நீ உறுதியாகத்தான் சொல்கிறாயா என்று திருப்பிக் கேட்பதும் கிடையாது. இதைக் கையால் செய்து செய்து அலுத்துப்போய்த் தானாகவே பார்த்துத் தானாகவே கொல்லும்படி சில வரிகள் எழுதி வைத்திருந்தார்கள். அன்று கணக்கெடுக்கும் வேலை ஒன்று திக்கியது, அந்த வரிகள் அதன் எண்ணைப் பார்த்தன, பார்த்ததற்கும் கட்டளை போனதற்கும் நடுவே இருந்த இமைப்பொழுதில் திக்கிய வேலை தானாகவே முடிந்து போயிற்று, அதே இமைப்பொழுதில் குளிர் குறைந்தால் கூச்சல் போட வேண்டிய எச்சரிக்கை வேலை புதிதாகத் தொடங்கி அந்த எண்ணை வாங்கிக்கொண்டது. எண்கள் எல்லாம் தீர்ந்து சுற்றி வரும்போது இப்படி ஆகும், ஆயுளில் ஒரு தடவை ஆகும் என்றாள். கட்டளை போனது. எண் சரி. செத்தது வேறு. யாருக்கும் தெரியவில்லை, செத்தது எச்சரிக்கை என்பதால் அது செத்ததைச் சொல்லவும் ஆளில்லை. கிடங்கு சூடேறி, உள்ளே அடுக்கியிருந்த திராட்சை முழுக்கப் புளித்து, கதவைத் திறந்தவனுக்குச் சாராயக்கடை வாசம் அடித்ததாம். எழில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், பிறகு கரண்டியை வைத்துவிட்டு முகத்தைக் கழுவப் போனாள்.

“அந்த வரிய எழுதுனது தேவாதாங்கப்பா,” என்று துடைத்துக்கொண்டே சொன்னாள். “கொல்றதுக்கு முந்தி இன்னொருக்கா பாருன்னு ஒரு வரி சேர்த்திருக்கணும். விட்டுப்போச்சு. நானும் அதப் படிச்சுப் பாத்துட்டுத்தான் ஓட விட்டேன், எனக்கும் தோணல. கட்டளை போனது என் பேர்ல. நீங்க அங்க வந்து எதையாவது சொல்லி வெக்காதீங்க.”

“யாருகிட்டச் சொல்றே?” என்றேன். “லத்தியில அடிச்சுக் கேட்டப்பவே என்ற வாயில இருந்து ஒருத்தன் பேரு வரல.”

தேவா என்றால் தேவசகாயம், நாகர்கோவில்காரன், நாற்பது தாண்டியவன், எழிலுக்குப் பக்கத்து நாற்காலி, ஆனால் அவன் இந்தக் கம்பெனி ஆள் இல்லை, ஒப்பந்தக்காரன் அனுப்பிய ஆள். வேலை ஒன்று, நாற்காலி ஒன்று, கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறம் மட்டும் வேறு. எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறான், அலமாரிக்கு மேலே கட்டி வைத்திருந்த பழைய நோட்டீசுகளை இறக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் படித்தான், எழில் கூடப் படித்ததில்லை. “ஒங்களுக்க நோட்டீஸு கொள்ளாம் ஐயா, ஆனா ஆச்சரியக்குறிதான் கொஞ்சம் கூடிப்போச்சு,” என்றான், கொள்ளாம் என்றால் அவன் ஊரில் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். எனக்குக் கோபம் வந்தது. பிறகு எண்ணிப் பார்த்தேன், கூடித்தான் போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் எழுத்துக்கூட்டியதோடு சரி, நோட்டீசைப் படித்துத்தான் தமிழ் படித்தேன், அதில் எல்லா வாக்கியமும் ஆச்சரியக்குறியோடுதான் முடியும், வாக்கியம் என்றால் அப்படித்தான் முடிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எண்ணைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஆலையில் எங்களுக்குப் பெயர் கிடையாது, டோக்கன் நம்பர்தான், பித்தளை வில்லையில் குத்தியிருக்கும். ஒருவனை நீக்கினால் அவன் வில்லையை மறுநாளே பதிலி ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், பித்தளையைக் கூட வீணாக்காத முதலாளி. ஒரு முறை ரங்கநாதன் என்பவனை உள்ளே விடாதே என்று வாசல் காவலனுக்கு உத்தரவு போட்டார்கள், பெயரை எழுதவில்லை, நம்பரை எழுதினார்கள், உத்தரவு ஆபீசிலிருந்து வாசலுக்கு நடந்து வருவதற்குள் நம்பர் கைமாறிவிட்டது. காவலன் நம்பரைப் பார்த்தான், கழுத்தைப் பிடித்துத் தள்ளினான், விழுந்தவன் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த பதிலி, முதல் நாள் என்று நெற்றியில் திருநீறும் உடம்பில் புதுச் சட்டையும், அவன் எழுந்து நின்று என்ன தப்புங்க செஞ்சேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். காவலன் திரும்பத் திரும்ப நம்பரைக் காட்டினான். இரண்டு பேரும் உண்மைதான் பேசினார்கள். நான் அதை நோட்டீசாக எழுதினேன், மாலை ஷிப்டு முடிவதற்குள் அடித்துக் கொடுத்தோம், பெயரில்லாத மனிதர்கள் என்று தலைப்பு, அதற்கு ஒரே ஒரு ஆச்சரியக்குறி, நிர்வாகம் இறங்கி வந்தது. படித்தவர்கள் பெரிய பெயர் வைத்து இன்றைக்குக் கண்டுபிடித்திருப்பதை நான் அன்றைக்கே கண்டேன். கண்டு என்ன. ஆலை இப்போது கல்யாண மண்டபம். சங்கம் மூன்றாக உடைந்தது, உடைத்தவர்களில் ஒருவன் அந்த மண்டபத்துக்கே பந்தல் போடுகிறான்.

“சார் அந்தக் காலத்து யூனியன்ங்களா?” என்று கிஷோர் கேட்கிறான், எழிலின் மேலாளன், மடிக்கணினியை மூடாமலே பேசுகிறவன். எழில்தான் சொல்லியிருப்பாள். “எங்க ஃப்ளோர்ல கொடிக்கம்பம் நடறதுக்கு எடமில்லீங்க சார், கீழ வேணா பார்க்கிங்ல பாருங்க.”

“கம்பம் எதுக்குங்க தம்பி, புடிக்கறதுக்குக் கை இருந்தாப் போதும்,” என்கிறேன்.

ரம்யப்ரியா சிரிக்கிறாள், கிஷோரும் சிரிக்கிறான், எழில் மட்டும் சிரிக்காமல் மேசைக்கடியில் என் முழங்காலைத் தொடுகிறாள், பேசாதீங்க என்று அர்த்தம். அந்தத் தொடுகை எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கால் மரத்துப் போயிருக்கிறது. இந்த நாற்காலியின் மெத்தை தொடைக்கடியில் எங்கேயோ நரம்பைப் பிடித்துவிட்டது, இடது கால் கெண்டையிலிருந்து கீழே வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது, செருப்புக்குள் அழுத்திய கட்டைவிரல் அழுந்தியிருக்கிறதா இல்லையா தெரியவில்லை. ரம்யப்ரியா குரலை இறக்கிக்கொண்டு பேசுகிறாள், நல்ல செய்தி சொல்பவர்கள் குரலை இறக்குவதில்லை. “எழில், ஃப்ராங்கா சொல்றேன், க்ளையன்ட் சைடுல ரொம்பப் பிரஷர் இருந்துச்சு. இதுக்கு ரெஸ்பான்சிபிளான ஆளத் தொடர்ந்து வெச்சுக்கறது கஷ்டம்னு மேல வரைக்கும் பேச்சுப் போச்சு...”

கஷ்டம். அந்தச் சொல் வந்துவிட்டது, அதற்குப் பிறகு வருவதெல்லாம் எனக்குத் தெரியும், எனக்கும் ஒருவன் இப்படித்தான் கஷ்டம் என்று தொடங்கினான், கஷ்டம் அவனுக்காம், வேலை போனது எனக்கு. நீக்கிய பிறகு எந்த ஆலையும் என்னைச் சேர்க்கவில்லை, பெயரைச் சொன்னதுமே வாசலில் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பை நான் பட்டம் மாதிரி மார்பில் குத்திக்கொண்டு அலைந்தேன், உண்மைதான், ஆனால் வீட்டில் பகல் நேரத்தில் ஒரு ஆண்பிள்ளை உட்கார்ந்திருப்பது என்பது வேறு, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கூட அவன் எப்போதும் இருப்பான் என்று தெரிந்துவிடும், சாவியை அவனிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். எழிலும் அப்படி உட்காருவாளா. இவர்கள் துறையில் ஒரு கம்பெனி கைவிட்டால் அடுத்த கம்பெனி ஃபோன் போட்டு விசாரிக்குமாம், விசாரித்தால் திராட்சை வாசம் அடிக்கும். நேற்று அவள் இன்னொன்றும் சொன்னாள், கணினிக்குள் ஒரு வேலை செத்த பிறகு, அதைத் தொடங்கிவிட்ட தாய் வேலை வந்து அதன் சாவுச் செய்தியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமாம், வாங்கும்வரை அது பட்டியலில் அப்படியே நிற்குமாம், எண்ணும் இருக்கும், பெயரும் இருக்கும், உயிர் இருக்காது, அதைக் கொல்லவும் முடியாது, ஏற்கெனவே செத்ததை எப்படிக் கொல்வது. ஜாம்பி என்று பெயராம், நடைப்பிணம். அவளாகவே சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். சங்க அலுவலகத்தில் பலகை இன்னும் தொங்குகிறது, செயலாளர் என்று என் பெயர்தான், கூட்டம் போட ஆளில்லாததால் என்னை நீக்கவும் ஆளில்லை. அவளை அப்படி ஒரு பட்டியலில் நிற்க விட முடியாது. அவள் செய்யவில்லை. எழுதியவன் வேறு. அவன் நல்லவன், அதனால் என்ன, நல்லவன் எழுதிய வரி கொன்றது. இரண்டாம் தடவை பார் என்று ஒரு வரி, அதை எழுத எவ்வளவு நேரமாகும். அவன் ஒப்பந்த ஆள், இங்கே இல்லாவிட்டால் வேறு இடத்துக்கு அனுப்புவார்கள், ஒப்பந்த ஆளுக்குப் பழகிப்போயிருக்கும், சீச்சீ, இது முதலாளி பேசுகிற பேச்சு, பழகிப்போயிருக்கும் என்றுதான் எங்களைப் பற்றியும் சொன்னான். அவனுக்கு இப்படி ஓர் அறை கூடக் கிடையாது, காபி கிடையாது, குடும்பம் கிடையாது, ஒப்பந்தக்காரனுக்கு ஒரு ஃபோன், நாளையிலிருந்து அட்டை கதவைத் திறக்காது. அவனுக்காகப் பேச வேண்டியவன் நான். ஒருவனும் பேசாத இடத்தில் அவனுக்காகப் பேசத்தான் நான் நாற்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன். லத்தி என் முதுகில் விழுந்தபோது வலித்தது, நிறைய வலித்தது, ஆனால் அது என் முதுகு, என் முதுகு என்பதால் பல்லைக் கடிக்க முடிந்தது, அதை வீரம் என்று நானே எழுதிக்கொண்டேன். இது இவள் முதுகு. இவள் கையைப் பார்க்கிறேன், மேசைமேல் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, சின்னப் பிள்ளையில் கூட்டத்தில் என் தோள்மேல் உட்கார்ந்து என் தலைமுடியைப் பிடித்துக்கொண்ட அதே பிடி. வாய் வரைக்கும் ஒரு பெயர் வந்து நிற்கிறது. விழுங்குகிறேன். திரும்ப வருகிறது. எனக்கு அவமானமாக இருக்க வேண்டும், அதுவும் மரத்த காலைப் போலவே எங்கேயோ தூரத்தில் இருக்கிறது, தொட்டால் தெரிவதில்லை. காபி ஆறிப் படலம் கட்டியிருக்கிறது. ரம்யப்ரியாவின் உதடு அசைகிறது, கிஷோர் தலையாட்டுகிறான், எழில் ஏதோ சொல்கிறாள், குனிந்து, குரல் உடைந்து, அழுகிறாளா, அழுகிறாள், ரம்யப்ரியா முன்னாலிருந்த ஃபைலை மூடி அதன்மேல் இரண்டு கையையும் வைத்து, “ஓகே எழில். அப்போ இத்தோட முடிச்சுக்கலாம்,” என்கிறாள்.

“கொன்னது இவ இல்லீங்க,” என்கிறேன். என் குரல் மேடைக் குரலாக வருகிறது, கண்ணாடிச் சுவரில் போய் மோதுகிறது. “அந்த வரிய எழுதுனது தேவசகாயம். உங்க கான்ட்ராக்ட் ஆளு. இவ பேரு மட்டுந்தான் அதுல. இவளை முடிக்க உடமாட்டேன்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்துபோன ஒரு பையன் நின்று பார்த்துவிட்டுப் போகிறான்.

“அப்பா,” என்கிறாள் எழில். கன்னத்தில் ஈரம் இருக்கிறது, ஆனால் அந்த முகத்தில் அழுகை இல்லை, இப்போதுதான் பார்க்கிறேன், அது பெரிய பாரம் ஒன்றை இறக்கி வைத்த முகம்.

“அங்கிள், நான் சொன்னத நீங்க கேக்கவே இல்லையா?” ரம்யப்ரியா மெதுவாகத்தான் கேட்கிறாள். “மேல வரைக்கும் பேச்சுப் போச்சு, கிஷோர் விட்டுக்குடுக்கலன்னு சொன்னேன். இது யார் தப்பும் இல்ல, டூல்லயே இருக்கற ஓட்டைன்னு எழுதி க்ளையன்ட்டும் ஒத்துக்கிட்டாங்க. எழிலுக்கு ஒரு வார்னிங் கூடக் கெடையாது. தேங்க்ஸ் சொல்லி அழுதாங்களே, பக்கத்துலதானே இருந்தீங்க? விசாரணைய முடிச்சுக்கலாம்னேன்.”

“மேடம், அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க,” என்று எழில் வேகமாகச் சொல்கிறாள். “அதை எழுதுனது நான்தாங்க. பெரியவங்க, எதையோ எதோட கொழப்பிக்கிட்டாரு.”

பெரியவங்க. குழப்பிக்கொண்டார். ஒப்புக்கொள்ளலாம். தலையை ஆட்டினால் போதும். ஆட்டுகிறேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கிஷோர் ஏற்கெனவே மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருக்கிறான், எந்த வரியை யார் எழுதினார்கள் என்பது அதிலேயே இருக்கிறதாம், இத்தனை நாளும் யாருக்கும் பார்க்கத் தோன்றவில்லையாம். அவன் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

“தேவாதான்,” என்கிறான். அப்புறம் யாரையும் பார்க்காமல், “இந்த மாசம் அவரை பெர்மனென்ட் பண்ணச் சொல்லி நான்தான் மெயில் போட்டிருந்தேன்.”

“ஏங்க அங்கிள்,” என்கிறாள் ரம்யப்ரியா. மூடிய ஃபைலைத் திறக்கிறாள். “ஆள் பேரே தெரியாதுன்னா ஓட்டைன்னு எழுதலாம். என் காதுல விழுந்தப்புறம் விழலைன்னு நான் எப்படி எழுதறது, சொல்லுங்க?”

எந்த மேடையிலும் எனக்குப் பதில் வராமல் இருந்ததில்லை. சாட்சியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்லலாம், நான் உங்கள் ஊழியன் இல்லை என் சொல் செல்லாது என்று சொல்லலாம், இரண்டையும் சொல்கிறேன், இரண்டுக்கும் அவள் பொறுமையாகத் தலையாட்டுகிறாள், எழுதிக்கொண்டே தலையாட்டுகிறாள். எழில் எழுந்துவிட்டாள். நானும் எழுகிறேன், இடது கால் தரையைக் கண்டுபிடிக்கவில்லை, மேசையைப் பிடிக்கிறேன், காபி சிந்துகிறது, “பாத்துங்க சார்” என்று கிஷோர் என் முழங்கையைத் தாங்குகிறான், அவன் கை இதமாக இருக்கிறது, அதையும் விலக்கிவிட எனக்குத் தோன்றவில்லை.

நடைபாதையில் எழில் எனக்கு முன்னால் போகிறாள். திட்டுவாள் என்று காத்திருக்கிறேன். திட்டினால் பதில் பேசலாம், பேசினால் உள்ளே ஏதாவது அசையும். அவள் லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு எண்கள் மாறுவதையே பார்க்கிறாள். காலில் இப்போது ஊசி குத்துவது போல் ரத்தம் திரும்பிக்கொண்டிருக்கிறது, கீழிருந்து மேலே, கெண்டை, முழங்கால். அதற்கு மேலே வரவில்லை.

அவள் கையிலிருக்கும் ஃபோன் அதிர்கிறது. அவள் பார்க்கிறாள். அதிர விடுகிறாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் நீட்டுகிறாள்.

“நீங்களே பேசுங்க.”

வாங்கிக் காதில் வைக்கிறேன். பின்னால் தட்டுகளின் சத்தம், தேவா கீழே கேன்டீனில் இருக்கிறான் போல.

“எழிலே, வெளிய வந்தாச்சா? என்னாச்சு?”

“எழிலோட அப்பா பேசறேன்.”

“ஐயாவா? நீங்களும் உள்ள இருந்தீங்களா? கொள்ளாமே!” மூச்சு வாங்கப் பேசுகிறான். “பிள்ளைக்கி ஒண்ணும் ஆவல்லியே ஐயா? ஒரு வாய் எறங்கல்ல எனக்கு காலேலருந்து.”

எழில் லிஃப்ட் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் முதுகு அசையவில்லை.

“எழிலுக்கு ஒண்ணும் ஆகல,” என்கிறேன்.

“அப்பாடா!” என்று சிரிக்கிறான், காது கூசுகிற அளவுக்குச் சிரிக்கிறான். “இப்பந்தான் உசுரு வந்துது. கீழ எறங்கி வாங்கோ ரெண்டுபேரும், மூணு சாயா சொல்லட்டா?”

“சொல்லுங்க,” என்கிறேன்.